ஊருக்கு வரும்போது பிள்ளை எங்கே உட்காரும்?

காரைக்குடியில் எந்த வீட்டில் விசேஷம் என்று கண்டுபிடிக்கப் பந்தலைத் தேட வேண்டாம். தெருவில் நிற்கும் கார்களின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே போதும். சென்னை நம்பர் நாலு, பெங்களூரு நம்பர் ரெண்டு, கோயம்புத்தூர் நம்பர் ஒன்று வரிசையாக நின்றால் அந்த வீட்டில் படைப்போ, சாந்தியோ, கல்யாணமோ நடக்கிறது என்று அர்த்தம். ஆண்டில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகள் அந்த இரண்டு மூன்று நாளில் திமிலோகப்படும். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தப் பிள்ளைகள் எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதுதான் இந்த வாரம் பேச்சு.

பெரும்பாலும் காரில்தான். பல்லவனில் டிக்கெட் கிடைத்தால் அதைவிடச் சுகமான பயணம் இல்லை என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். பிள்ளை நடக்கலாம், படுக்கலாம், கழிப்பறை கூடவே வருகிறது. ஆனால் பொங்கலுக்கும் தொடர் விடுமுறைக்கும் ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கடைசியில் காரைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சி வழியாக வந்தால் சுமார் 420 கிலோமீட்டர். கூகுள் ஏழு மணி நேரம் என்கும். கைக்குழந்தையோடு வருகிற வண்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஒன்பது, பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் வீட்டில் சண்டை குறைவு.

கார் வாசலில் வந்து நின்றதும் நான் முதலில் பார்ப்பது, பிள்ளை எங்கிருந்து இறங்குகிறது என்பதை. பத்தில் எட்டு வண்டியில் யாராவது ஒருவர் மடியிலிருந்துதான் இறங்குகிறது. அதிலும் பாதி முன் சீட்டு மடி.

நம் ஊரில் மடி என்பது பாசம். பிள்ளைக்குத் தனி சீட்டு போட்டு, அதில் பெல்ட் மாட்டி உட்கார வைத்துக் கூட்டி வந்தால், "என்னப்பா, பச்சப் பிள்ளையை இப்படிக் கட்டிப்போட்டுக் கூட்டியாந்திருக்கீக?" என்று அப்பத்தா கேட்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் காலத்தில் பிள்ளை வந்தது மாட்டு வண்டியிலும் அம்பாசிடரிலும். அன்றைய சாலையில் அந்த வேகத்துக்கு மடியே போதுமாக இருந்தது.

இன்றைய கணக்கு வேறு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதன் மீதோ மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, ஏறக்குறைய 200 கிலோவைத் தூக்குகிற பலம் வேண்டும். நான்குவழிச் சாலையில் சாதாரணமாகப் போகிற 80 கிலோமீட்டர் வேகம் என்றால் அது 500 கிலோவுக்கு வந்துவிடும். எந்த அம்மாவின் கையும் அதைத் தாங்காது. பாசம் குறைவு என்பதல்ல விஷயம். கைக்கு அவ்வளவு பலம் கிடையாது. முன் சீட்டு மடி என்றால் இன்னும் மோசம். பெரியவர்களைக் காப்பாற்றுவதற்காக வெடித்து விரிகிற ஏர்பேக், நடுவில் இருக்கும் குழந்தையைத்தான் முதலில் அறையும்.

சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். இதற்காக யாரையாவது நிறுத்தி அபராதம் போட்டதை நான் பார்த்ததில்லை. ஹெல்மெட்டுக்கு நிறுத்துவார்கள், மடியில் பிள்ளை இருந்தால் கொஞ்சிவிட்டு அனுப்புவார்கள்.

இதில் எனக்கு மிகவும் வியப்பு தருவது சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள். அங்கே 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைவான பிள்ளையைச் சொந்தக் காரில் தகுந்த இருக்கை இல்லாமல் ஏற்றக் கூடாது என்பது சட்டம். அதைத் தவறாமல் கடைப்பிடிக்கிற அதே குடும்பம், திருச்சி விமான நிலையத்தில் இறங்கியதும் எட்டுப் பேர் ஏறிய வாடகை வண்டியில் பிள்ளையை ஒன்றரை மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வருகிறது. வாடகை வண்டியில் அந்த இருக்கை இருக்காது என்பது உண்மை. ஆனால் திருச்சியில் உறவினர் வைத்திருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்கலாம். பல விமான நிறுவனங்கள் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்ளவும் செய்கின்றன. டிக்கெட் போடும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கை விஷயத்தில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. பிறந்த குழந்தையிலிருந்து ஒரு வயது வரை கட்டாயமாக, முடிந்தால் இரண்டு வயதைத் தாண்டியும், குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். வண்டி திடீரென்று நின்றால் தலையும் கழுத்தும் முதுகும் சேர்ந்து இருக்கையில் அழுந்தும், கழுத்து மட்டும் முன்னால் வெட்டாது. அதை எப்போதும் பின் சீட்டில்தான் பொருத்த வேண்டும். ஏர்பேக் வேலை செய்கிற முன் சீட்டில் கூடவே கூடாது. பிறகு முன்பக்கம் பார்க்கும் இருக்கை. அதையும் தாண்டிய பிறகு, 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பூஸ்டர் எனும் உயரப் பலகை. பெரியவர்களுக்கான பெல்ட் சின்னப் பிள்ளையின் கழுத்தை அறுக்காமல் தோளில் படியத்தான் அது. காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று பின் சீட்டு இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். புதிய கார்களில் பெரும்பாலும் இருக்கும். அது இருந்தால் பொருத்துவது எளிது, தப்பாகப் பொருத்தும் வாய்ப்பும் குறைவு.

ஊருக்குக் கிளம்பும் அன்று காலையில் முதல்முறையாக அதில் உட்கார வைத்தால் பிள்ளை அலறத்தான் செய்யும். இரண்டு வாரம் முன்பே வீட்டு ஹாலில் போட்டு அதில் உட்கார்ந்து கதை கேட்கப் பழக்குங்கள். பிறகு கடைத்தெரு வரை ஒரு சுற்று. அப்பத்தாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள். இருக்கைக்குப் பக்கத்தில் அவர்தான் உட்கார வேண்டும், பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்று சொல்லிப் பாருங்கள். கட்டிப்போட்ட குறை அதில் பாதி தீர்ந்துவிடும். அவரும் பெல்ட் போட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பின் சீட்டில் பெல்ட் போடாத பெரியவர் மோதலில் குழந்தை மீதுதான் விழுவார்.

இனி அடுத்த பெரிய விஷயம், இரவுப் பயணம்.

"ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினா பிள்ளைக தூங்கிடும், ரோடும் காலியா இருக்கும், விடிய ஊருக்குப் போய்ச் சேர்ந்துரலாம்." இதைச் சொல்லாத தகப்பன் இல்லை. பிள்ளை தூங்கும் என்பது சரி. ஓட்டுகிறவர்? காலை ஆறு மணிக்கு எழுந்து, ஆபீஸ் போய் வந்து, இரவு பதினொரு மணிக்கு ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறவர் அப்போதே 17 மணி நேரம் விழித்திருக்கிறார். 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவதற்கான வரம்பே 0.03 சதவீதம்தான். அதாவது பெருங்களத்தூரைத் தாண்டும்போதே அவர் குடித்தவர் கணக்கில் வந்துவிடுகிறார். அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து மணிக்குள் உடம்பே தூக்கத்துக்கு இழுக்கும். அந்த நேரத்தில்தான் வண்டி பெரம்பலூர், பாடாலூர் பக்கம் நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருக்கும். ஒரு டீயைக் குடித்தால் அரை மணி நேரம் தள்ளிப்போகும். தூக்கம் போகாது.

என் யோசனை இதுதான்: முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் ஓட்டுகிறவரைப் படுக்கச் சொல்லுங்கள். மூட்டை கட்டும் வேலையில் அவரைச் சேர்க்காதீர்கள், இந்த ஒரு நாள் மட்டும். காலை நாலரைக்குப் பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கிச் சீட்டில் வைத்துக் கிளம்பினால், விக்கிரவாண்டி வரை அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். பரனூர் சுங்கச்சாவடி நெரிசலும் அந்த நேரத்தில் குறைவு. பொங்கலுக்கு முந்தைய நாள் மட்டும் விதிவிலக்கு, அன்று எந்த நேரத்திலும் நெரிசல்தான். முடிந்தவர்கள் ஒரு நாள் முன்னதாக வாருங்கள்.

பகலில் வருவதில் இன்னொரு லாபம், வழி கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும், கைக்குழந்தையை இருக்கையிலிருந்து எடுத்துத் தரையில் விரிப்பு போட்டுக் கால் நீட்ட விட வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இதில் நம் முன்னோர்கள் கெட்டிக்காரர்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியைப் பார்த்திருப்பீர்கள். எந்த ஊரில் சாப்பாடு, எந்த ஊரில் இரவுத் தங்கல் என்பது தலைமுறை தலைமுறையாக முடிவான விஷயம். காசி, ராமேஸ்வரம் என்று போன இடமெல்லாம் விடுதி கட்டி வைத்ததும் இதனால்தான். பசித்த பிறகு சத்திரம் தேடினால் ஆகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெரம்பலூருக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிறது ரஞ்சன்குடி கோட்டை. 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபை ஆதரித்து மோதிக்கொண்ட இடம். ஆறு வயதுப் பையனுக்கு வரலாறு வேண்டாம், ஏறி இறங்கப் படியும் மதிலும் போதும். புதுக்கோட்டை தாண்டியதும் நமனசமுத்திரம் பக்கம் அய்யனார் கோயிலில் வரிசை வரிசையாக மண்குதிரைகள். எத்தனை குதிரை என்று எண்ணச் சொன்னால் அரை மணி நேரம் நிம்மதி. அடுத்து திருமயம். 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை, பாறை உச்சியில் பீரங்கி. சாலையோரமே கோட்டை பைரவர். அந்த வழியில் வண்டி ஓட்டுகிறவர்கள் பலரும் அங்கே நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்வார்கள், அதையே ஓர் இடைவேளையாக வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து காரைக்குடி இருபது கிலோமீட்டர் சொச்சம். இங்கேதான் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று பெல்ட்டைக் கழற்றி விடுகிறார்கள். திருச்சிக்குப் பிறகு சாலையின் குணமே வேறு. ஆடு, மாடு, டவுன் பஸ், குறுக்கே வரும் டூவீலர் எல்லாம் இந்தக் கடைசி 90 கிலோமீட்டரில்தான். வீட்டு வாசலில் இறங்கிய பிறகு கழற்றலாம்.

கழிப்பறையைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும். பெட்ரோல் பங்க்குகளில் சில சுத்தமாக இருக்கின்றன, பல இல்லை. பெண் குழந்தைகள் "வேண்டாம்" என்று அடக்கிக்கொண்டு, ஊருக்கு வந்த மறுநாள் நீர்க்கடுப்பில் அழுவதைப் பார்க்கிறேன். சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பாட்டி சீட்டும், மறைத்துக் கட்ட ஒரு பழைய புடவையும் டிக்கியில் இருக்கட்டும். பால் கொடுக்கும் தாய்க்கும் அந்தப் புடவைதான் அறை. 2015-லேயே பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்த மாநிலம் இது. கட்டணம் வாங்கும் நெடுஞ்சாலையின் ஓரத்திலும் அப்படி ஒன்றைக் கேட்பது பேராசை ஆகாது. ஓடுகிற வண்டியில் பிள்ளையை எடுத்து மார்பில் போட்டுக்கொள்வது மட்டும் வேண்டாம். ஐந்து நிமிடம் ஓரங்கட்டச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லிக்கு ஈடு இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கெடாது, சிந்தாது, வயிற்றைப் படுத்தாது. தயிர்சாதத்தை மே மாத வெயிலில் மதியம் வரை நம்பாதீர்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான், வெயில் என்று தண்ணீர் புகட்ட வேண்டாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எங்கள் ஊர்ப் பலகாரத்தைப் பற்றி. திரும்பும்போது கையில் கொடுத்து அனுப்புகிற சீப்புச் சீடையும் மணகோலமும் ஓடும் காரில் நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆகாது. மணகோலத்தில் கடலையும் தேங்காய்ப் பல்லும் இருக்கும். வண்டி குலுங்கும்போது தொண்டையில் அடைத்தால், முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அடைத்த பிள்ளைக்குச் சத்தம் வராது. வாழைப்பழம் கொடுங்கள், இட்லியைப் பிட்டுக் கொடுங்கள்.

வாந்தி எடுப்பது இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் அதிகம். உள்காது, வண்டி ஓடுகிறது என்கிறது. கண், மடியில் இருக்கும் செல்போனைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் ஓடவில்லை என்கிறது. இந்தச் சண்டையில் குடல் புரள்கிறது. அதனால் போனைப் பிடுங்குவதுதான் முதல் மருந்து. நீங்கள் இதை போனில்தான் படிக்கிறீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். போனில் கதையைக் கேட்கலாம், படம் பார்க்க வேண்டாம். தூரத்தில் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள், கிளம்பும் முன் வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வாந்தி மாத்திரையும், "கொடுத்தா நல்லாத் தூங்கும்" என்று யாரோ சொன்ன சளி மருந்தும் வேறு கதை. இவற்றில் சில, இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மூச்சையே மந்தப்படுத்தக் கூடியவை. பயணத்தில் பிள்ளையைத் தூங்க வைப்பதற்காக மருந்து கொடுப்பது இங்கே ரகசியமாக நடக்கிறது, பலரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்காமல் ஒரு சொட்டும் வேண்டாம்.

ஊருக்கு வந்த பிறகும் கார் இருக்கிறது. பிள்ளையார்பட்டிக்குப் போகிறார்கள், பிள்ளை தூங்குகிறது, எழுப்ப மனசில்லை, ஒருவர் காரில் இருக்கட்டும் என்று தொடங்கி, "அஞ்சு நிமிஷம்தானே" என்று அவரும் இறங்கிவிடுகிறார். மூடிய கார் வெயிலில் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி சூடேறும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. பெரியவர் உடம்பைவிடக் குழந்தை உடம்பு மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். தூங்கினால் தோளில் போட்டுக்கொண்டே போகலாம், பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

வழியில் ஏதாவது என்றால் 108. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033. இரண்டையும் ஓட்டுகிறவர் போனில் மட்டும் வைக்காமல் பெரிய பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

திரும்பிப் போகிற அன்றுதான் இன்னொரு வேடிக்கை. வந்தபோது அழகாகப் பொருத்தியிருந்த குழந்தை இருக்கை, போகும்போது டிக்கியில் தலைகீழாகக் கிடக்கும். அதன் இடத்தில் முறுக்கு டின், ஊறுகாய் ஜாடி, ஆயா கொடுத்த எவர்சில்வர் தூக்கு, தோட்டத்து முருங்கைக்காய். பிள்ளை மறுபடியும் மடியில். புதுமை செய்துகொள்ள வந்த பிள்ளை, சாமான்களுக்கு இடம் விட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறது. ஆயாவிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் காரைக்குடியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சல் போகிறது. முறுக்கு டின்னை அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்பினால் ஓரிரு நாளில் வந்துவிடும். கொஞ்சம் நொறுங்கும், அவ்வளவுதான்.